வரைபடத்தில் பல்கனி

மாநகரசபை முத்திரை குத்திய தாளில்
என் குசினி இல்லை.
அந்த இடத்தில் ஒரு பல்கனி, ஏழடிக்கு நாலடி,
மூலையில் பென்சிலால் கீறிய ஒரு பூச்சட்டி.
புவிராசா அண்ணர் அதைச் சுற்றி
அலுமினியச் சட்டமும் திறக்காத கண்ணாடியும் அடித்து
மூன்றறை வீடு என்று வாடகைக்கு விட்டார்.
வெள்ளவத்தை, கடற்கரைப் பக்க ஒழுங்கை, மூன்றாம் மாடி.
கடல் தெரியும்.
காற்று வராது.

முதல் வருஷம் முழுக்க
என் உடம்பில்தான் பிழை என்றிருந்தேன்.
ஆறரைக்கு, புட்டு அவியும் நேரம்,
நெற்றியின் இரு பக்கமும் ஆணி இறங்கும்.
பிரஷர் என்றார் சந்தி டொக்டர்.
குசினி வாசலில் இருந்து படிக்கிற ஆரபி
பன்னிரண்டாம் வாய்பாட்டின் நடுவில் தூங்கி விழுந்தாள்.
சோம்பேறி என்று ஏசினேன்.
அந்தச் சொல்லை இப்போது
எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

சட்டிகளின் அடி கறுத்தது.
நீலமாய் எரிந்த சுவாலை
மஞ்சளாய் நாக்கை நீட்டியது.
மஞ்சள் மங்கலம் என்று சொல்லி வளர்த்த வீட்டில்
பிறந்தவள் நான்.

சிலிண்டர் மாற்ற வந்த நிஸ்தார்
ரெகுலேட்டரைத் தொடாமல் நின்றான்.
அண்ணாந்து பார்த்தான். குனிந்து பார்த்தான்.
"ஓட்டை எங்க அக்கா?"
"என்ன ஓட்டை?"
"ரெண்டு வேணும். எரிஞ்ச காத்து மேலுக்குப் போகும்,
அதுக்கு மேல ஒன்னு.
எரியாத காஸ் தண்ணி மாதிரி,
இறங்கி நிலத்துல படுத்துக்கும்.
அதுக்கு நிலத்தோட ஒன்னு.
நுளம்பு வலை அடிக்க வாணாம்,
எண்ணெய் புடிச்சு அடைச்சுப்போகும்.
கம்பிவலை போடுங்க."
படி இறங்கும்போது திரும்பிச் சொன்னான்:
"எங்கட வீட்டுலயும் ஒன்னுதான் இருக்கு."

அண்ணர் தொலைபேசியில் சிரித்தார்.
"மூண்டு குடும்பம் இருந்து போட்டுது பிள்ளை,
ஒருத்தரும் கேக்கேல்லை.
ஓட்டை போட்டா எலி வரும், மழை வரும்.
சமைக்கேக்க வாசல்கதவைத் திறந்து விடுங்கோ."

திறந்து விட்டேன்.
என் கருவாட்டுக் குழம்பு
எதிர்வீட்டுக் கந்தசஷ்டிக்குள் நடந்து போனது.
முறைப்பாடு எழுத்தில் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை,
அண்ணர் பம்பலப்பிட்டிக் கோயிலில் நிற்கும் நேரம்,
மேசன் பியதாச ட்ரில்லோடு வந்தார்.
சுவர் அலறியது.
நாலாம் மாடி குழாயைத் தட்டித் தட்டி
எங்களைத் திட்டியது.
அடுப்பு மேசைக்குக் கீழே, நிலத்தை ஒட்டி,
என் இரண்டு உள்ளங்கை அளவு.
மேலே, கண்ணாடி ஒன்றைக் கழற்றிக் கம்பிவலை.
செங்கல் தூளோடு முதலில் உள்ளே வந்தது
காற்றல்ல,
மருதானைக்குப் போகும் ரயிலின் சத்தம்.
பிறகு உப்பு.
பிறகு பாண் துண்டு அளவில்
நிலத்தில் கொஞ்சம் வெயில்.
ஆரபி அதில் கால்விரலை வைத்துப் பார்த்தாள்.

சுவாலை நீலத்துக்குத் திரும்பியது.
நிஸ்தார் பர்னரை ஊசியால் குத்தித் துப்பரவாக்கியதற்கும்
அதில் பாதிப் பங்கு உண்டு.
எறும்பு வருகிறது, மறைக்கவில்லை.
ஞாயிறு தோறும் கம்பிவலையைச் சோப்புப் போட்டு
உரசுகிறேன்.
தலையிடி வரும், சில நாள்.
அது வேறு தலையிடி, வாடகைத் தலையிடி.

அட்வான்சில் பதினெட்டாயிரம் கழித்து
அண்ணர் ரசீது தந்தார்.
முத்து முத்தான எழுத்தில்: சுவர்ச் சேதம்.
இரண்டாம் மாடி காலியானபோது
கேற்றில் அவர் ஒட்டிய அட்டையில்
அதே முத்து எழுத்து:
காற்றோட்டமான குசினி.
அங்கே ஒரு ஊசித் துவாரமும் இல்லை.

நேற்று அதற்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.
கீழ் ஓட்டை வழியாக
யாரோ தேங்காய் துருவுவது கேட்கிறது.
ரசீதின் பின்பக்கத்தில்
பியதாசவின் இலக்கத்தை எழுதிக்கொண்டு
செருப்பைத் தேடுகிறேன்.